எதிரெதிரே இரண்டு அலமாரிகள்

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மருமகளுக்கு எது வந்தாலும் இன்னொரு மருமகளுக்கும் அதுவே வரவேண்டும். மாமனார் போட்ட சட்டம். மூத்த மகனுக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்த காலத்தில் அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை. இளையவனுக்கும் ஆகி, மூத்தவன் கீழேயும் இளையவன் மாடியிலுமாகக் குடியிருக்கத் தொடங்கிய பிறகு அதற்கு ஓய்வு இல்லை. கீழே ஒரு எழுதுமேசை வந்தால் மாடிக்கும் ஒன்று ஏறும். மாடி ஜன்னலுக்குத் திரைச்சீலை மாறினால் கீழேயும் மாறும். "என் வீட்டுல எந்தப் பொண்ணும் இன்னொருத்தி பக்கம் பாத்துப் பெருமூச்சு விடக்கூடாது" என்பார் அவர். நல்ல எண்ணம்தான். ஆனால் பெருமூச்சு வருவதற்குப் பொருள் மட்டுமா காரணம்?

மூத்தவளும் இளையவளும் ஒரே மின்சார அலுவலகத்தில் எஞ்சினியர்கள். மூத்தவள் லைன் பிரிவு. எந்த வீட்டில் எவ்வளவு கரண்ட் செலவாகியிருக்கிறது என்று ஆள் போய்ப் பார்த்துக் குறிக்காமல், கரண்ட் போகிற அதே கம்பி வழியாகவே மீட்டரின் கணக்கை வரவழைக்கிற வேலை. இளையவள் ரேடியோ பிரிவு. அதே கணக்கைக் காற்று வழியாக வரவழைப்பாள். இரண்டில் எதை நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று மேலிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. ஓரகத்திகள் இருவரும் காலையில் ஒரே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, வேறு வேறு பேருந்தில் ஏறிப் போய், ஒரே கட்டடத்தின் இரண்டு அறைகளில் உட்கார்ந்தார்கள்.

மூத்தவளுக்கு ஒரு ஷீல்டு உண்டு. தன் பகுதியில் ஒரு மீட்டர் விடாமல் கணக்கு வரவழைத்ததற்காக அலுவலகம் கொடுத்தது. அது வெகுநாள் ஃப்ரிட்ஜின் தலைமேல், பூ ஜாடிக்குப் பக்கத்தில், யாரும் பெரிதாகக் கவனிக்காமல் நின்றுகொண்டிருந்தது. அவளும் கவனித்ததில்லை. பிறகு இளையவளுக்கும் ஒரு ஷீல்டு கிடைத்தது. கொழுந்தன் சும்மா இருந்தானா? கூடத்தின் கிழக்குச் சுவரில், உள்ளே விளக்கு எரிகிற ஒரு கண்ணாடி அலமாரியை வாங்கி மாட்டி, அதற்குள் பெண்டாட்டியின் ஷீல்டைக் கொலு வைத்தது மாதிரி வைத்துவிட்டான்.

மூத்தவள் அன்றைக்குக் கிழக்குச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். மறுநாளும் கசக்கினாள். அவள் வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கண்ணுல தூசியா?"

"ஆமா."

"என்ன தூசி?"

"கண்ணாடித் தூசி."

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வாரமே மேற்குச் சுவரில் இன்னொரு அலமாரி வந்தது. கிழக்கில் இருந்ததைவிட ஒரு சாண் பெரியது. ஆசாரி பொருத்திக்கொண்டிருந்தபோது மூத்தவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அதைவிட வெளிச்சமா இருக்கணும்." அலுவலகத்துக்கு ஒரு திருகாணி வாங்குவதென்றாலும் முன்னும் பின்னும் நூறு கேள்வி கேட்கிறவள், அந்த விளக்குக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற சின்ன அடாப்டர் பெட்டி எங்கே வாங்கியது, யார் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளிச்சம் கேட்டாள், வெளிச்சம் கிடைத்தது. தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த விளக்கைப் போடுவாள். மாடிக்குப் போகிறவள் அதைத் தாண்டித்தான் படியேற வேண்டும்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அவர்கள் தெரு ஊமையாகத் தொடங்கியது.

கம்பி வழியாகப் போகிற செய்திக்கு மூச்சு குறைவு. தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். அதனால் ஒரு மீட்டர் சொன்னதை அடுத்த மீட்டர் காதில் வாங்கித் திருப்பிச் சொல்லும். அதை அதற்கடுத்தது சொல்லும். இப்படிக் கைமாறித்தான் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் இருக்கும் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து அலுவலகம் சேரும். அந்தத் தெரு நடுவில் முழங்கை மாதிரி மடங்கும். முழங்கையில் இருப்பது இவர்கள் வீடு. அதற்கு அப்பால் இருக்கிற வீடுகள் என்ன சொன்னாலும் இந்த வீட்டு மீட்டர்தான் வாங்கி இந்தப் பக்கம் சொல்லவேண்டும். சாயங்காலமானால் அந்த அப்பால் வீடுகள் மொத்தமாகப் பேசாமல் போயின. காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் பேசின. மறுபடி சாயங்காலம் மௌனம்.

அலுவலகத் தலைவரை எல்லோரும் 'ஏன் சார்' என்பார்கள். யார் எதைச் சொன்னாலும் ஏன் என்பார். அவர் மூத்தவளைக் கூப்பிட்டார்.

"தெரு பாதி வரலையே, ஏன்?"

"கம்பியில எதோ இரைச்சல் சார். பாத்துக்கிட்டிருக்கேன்."

"அடுத்த கூட்டத்துக்குக் காரணத்தோட வாங்க. தானாப் போச்சு, தானா வந்துச்சுன்னு சொல்லக்கூடாது. காரணம் இல்லேன்னா அந்தப் பகுதி முழுக்க ரேடியோவுக்கு மாத்திடலாம். உங்க பிரிவையும் அதோட சேத்துடுவேன்."

"சேத்துன்னா, யாருக்குக் கீழ சார்?"

"வேற யாரு? உங்க ஓரகத்திக்குக் கீழதான். வீட்டுல பழகினவங்கதானே, சுலபமா இருக்கும்."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். மூத்தவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. வீட்டில் அவள் மூத்த மருமகள். எந்த விசேஷத்துக்கும் முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறவள். அப்படிப்பட்டவள் காலையில் போய் இளையவளிடம் விடுப்புக்குக் கையெழுத்து கேட்டு நிற்பதா? அந்தக் காட்சியை அவள் ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். இரண்டாவது தடவை நினைக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

கருவியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கம்பியில் இரைச்சல் போடுகிற சாதனம் எங்கே இருக்கிறது என்று கம்பம் கம்பமாகக் காது வைத்துத் திரிந்தாள். தண்ணீர் இறைக்கிற மோட்டார், தையல்காரர் மிஷின், அடுக்குமாடியின் லிப்ட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் முனகின. ஒரு தெருவையே ஊமையாக்குகிற கூச்சல் எங்கும் இல்லை. ஒன்று மட்டும் அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் நின்றது. இளையவள் சோதனைக்கென்று ரேடியோப் பெட்டிகளை வீட்டுக்கே கொண்டுவந்து மாடியில் வைத்திருக்கிறாள். இளையவள் வீட்டுக்கு வருவது சாயங்காலம். தெரு வாய் மூடுவதும் சாயங்காலம். அதே சாயங்காலத்தில் தானும்தான் வீட்டுக்கு வருகிறோம் என்பதை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"உங்க தம்பி பெண்டாட்டி மாடியில என்னமோ பண்றா" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"என்ன பண்றா?"

"எனக்குக் குழி தோண்டுறா."

"மாடியிலயா? மண்ணு கீழ விழுமே."

"சிரிங்க. நான் நாளைக்கு அவளுக்குக் கீழ உக்காந்து வேலை பாக்கறப்பவும் இப்படியே சிரிங்க."

விடுமுறை நாள் சாயங்காலம் மாடிக்காரர்கள் சினிமாவுக்குப் போனார்கள். வாசல் கதவு சாத்தியதும் மூத்தவள் லேப்டாப்பைக் கூடத்து நாற்காலியில், தன் அலமாரி வெளிச்சத்தில் திறந்து வைத்தாள். திரையில் தெருவின் மீட்டர்கள் வரிசையாக இருந்தன. பேசுகிறவை பச்சை, பேசாதவை சாம்பல். முழங்கைக்கு அப்பால் எல்லாம் சாம்பல். போய் மாடிக்குப் போகிற சுவிட்சை அணைத்தாள். நாளைக்கு ஏன் சாரிடம் எப்படிச் சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள். பெருந்தன்மையான குரலில் சொல்லலாம் என்று தீர்மானித்திருந்தாள்.

ஒரு வீடும் பச்சையாகவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். சாம்பல்தான். கோபத்தில் மெயின் சுவிட்சையே இழுத்துவிட்டாள். வீடு இருண்டது. மீட்டர் மெயினுக்கு முன்னாலேயே இருப்பதால் அது உயிரோடு இருந்தது. திரையில் முழங்கைக்கு அப்பால் முதல் வீடு பச்சையானது. பிறகு அடுத்தது. பிறகு கடைசி வீடு வரைக்கும், தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் போல ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன.

"ஏம்மா, எதுக்கு வீட்டை இருட்டாக்கி வச்சிருக்க?" மாமனார் சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"ஒண்ணுமில்ல மாமா. உக்காருங்க."

எல்லாச் சுவிட்சையும் அணைத்து மெயினைத் தூக்கிவிட்டு, மாடி சுவிட்சைத் தவிர மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போட்டாள். சமையலறை. தெரு பேசியது. படுக்கையறை. பேசியது. கூடத்தின் கிழக்கு அலமாரி. பேசியது. மேற்கு அலமாரியின் விளக்கைப் போட்டாள். அவள் ஷீல்டு பளிச்சென்று எரிந்தது. திரையில் அப்பால் வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பலாகின.

அணைத்தாள். பச்சை. போட்டாள். சாம்பல்.

அந்த அடாப்டர் பெட்டி இரைச்சல் எதுவும் போடவில்லை. அதனால்தான் அவள் கருவிக்கு அகப்படவில்லை. அது கத்துகிற சாதி இல்லை, விழுங்குகிற சாதி. நல்ல அடாப்டரில் வாசலிலேயே சோக் என்கிற ஒரு கம்பிச்சுருள் இருந்து, கம்பியில் போகிற செய்தியை உள்ளே விடாமல் தடுக்கும். இதைச் செய்த புண்ணியவான் அந்தச் சுருளைப் போடாமல் மிச்சம் பிடித்திருந்தான். அலமாரி மாட்டிய சுவரின் மறுபக்கம்தான் மீட்டர் பலகை. அப்பால் வீடுகளின் செய்தி இங்கே வந்து சேரச் சேர, அந்தப் பெட்டி உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு மீட்டர் விடாமல் வரவழைத்ததற்காகக் கிடைத்த ஷீல்டுக்கு அவள் போட்ட விளக்கு, பாதித் தெருவின் வாயை அடைத்திருக்கிறது.

அவள் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தபோதே கதவு திறந்தது. டிக்கெட் கிடைக்காமல் மாடிக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கொழுந்தன் "மாடியில ஏன் விளக்கு எரியல?" என்று கேட்டுக்கொண்டே படியேறிப் போனான். இளையவள் போகவில்லை. நாற்காலியில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். அவளும் எஞ்சினியர்தானே. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அடாப்டரா அக்கா?"

மூத்தவள் விளக்கை அணைத்தாள். விஷயத்தைச் சற்றுமுன் மூத்தவளிடம் கேட்டு வாங்கியிருந்த மாமனார்தான் பதில் சொன்னார். "என்னமோ நம்ம வீட்டு விளக்கால தெருவுக்கே கெடுதலாம். அணைச்சுட்டா சரியாப் போகுதாம். அணைச்சுட்டு விட்டுடலாம். நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்."

"காரணம் கேப்பாங்க மாமா" என்றாள் இளையவள். பிறகு மூத்தவளிடம் மெதுவாக, "அக்கா, நான் கொண்டுவந்த சோதனைப் பெட்டிதான் காரணம்னு சொல்லிடுங்க. மாடியில இருந்து வந்துச்சுன்னு. சோதனைன்னா அப்படி இப்படி ஆகத்தான் செய்யும், எனக்கு ஒண்ணும் ஆகாது. உங்க பிரிவு நிக்கும்" என்றாள்.

அவள் முகத்தில் ஏளனம் இருக்கிறதா என்று மூத்தவள் தேடினாள். கொஞ்சமாவது இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். இல்லை. நிஜமாகவே கொடுக்கிறாள். மாடியில் இவள் எனக்குக் குழி தோண்டுகிறாள் என்று இத்தனை நாள் எண்ணியிருந்ததைவிட, இது மோசமாக இருந்தது. இனி ஆயுசு முழுக்க இளையவள் படியேறும்போதெல்லாம், இவள் கொடுத்த பிச்சையில் நான் நிற்கிறேன் என்று நினைக்க வேண்டும். கையெழுத்துக்காக நிற்பது பரவாயில்லை. இதற்காக நிற்க முடியாது.

"வேண்டாம்" என்றாள்.

"அக்கா, யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியும்ல."

இளையவள் படியேறிப் போய்விட்டாள். மாமனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நம்ம வீட்டுப் பேரை அலுவலகத்துல போய்ச் சொல்லப் போறியா?"

"சொல்லத்தான் போறேன். நம்ம வீட்டுத் தப்பை இன்னொருத்தன் கண்டுபிடிச்சுச் சொன்னாத்தான் மாமா மரியாதை போகும். நாமளே சொன்னா எங்க போகும்?"

அவர் சற்று யோசித்தார். அவர் வாழ்நாளில் ஒருவரிடம் தலை குனிந்ததில்லை. அதே அளவுக்கு ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு தலை நிமிர்ந்ததும் இல்லை. "சொல்றதை நேரா நின்னு சொல்லு" என்று மட்டும் சொன்னார். மருமகள் குடும்ப மானத்துக்காகப் பேசுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை. அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

கூட்டத்தில் மூத்தவள் நின்றுகொண்டே பேசினாள். திரையில் படம் போட்டு, இரைச்சலைத் தேடி ஏமாந்ததை, விழுங்குகிற பெட்டியைக் கண்டுபிடித்ததை, விளக்கைப் போட்டால் சாம்பலும் அணைத்தால் பச்சையும் வருவதை வரிசையாகக் காட்டினாள்.

"எந்த வீடு அது?" என்றார் ஏன் சார்.

எதிர்வரிசையில் இளையவள் வாயைத் திறந்தாள். மூத்தவள் முந்திக்கொண்டாள்.

"என் வீடு சார். என் அலமாரி. என் ஷீல்டுக்குப் போட்ட விளக்கு."

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரிக்க, அது பரவியது. "ஷீல்டு கொடுத்ததே தப்பாப் போச்சு" என்றார் ஸ்டோர்காரர். "இனிமே இருட்டுல வைக்கிற மாதிரி கொடுக்கணும்."

"நல்ல அடாப்டர் வாங்கியிருக்கலாமே, ஏன்?" என்றார் ஏன் சார்.

"வெளிச்சமா வேணும்னு மட்டும்தான் சார் கேட்டேன். எதுக்கு அவ்வளவு வெளிச்சம்னு மட்டும் கேக்காதீங்க."

"ஏன்?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவளின் காது மடல் சுட்டது. ஆனால் முதுகு வளையவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, மேலே சொன்னாள். "என் வீட்டு விளக்குக்கு ஒரு சோக் போட்டா இந்தத் தெரு சரியாயிடும். ஆனா அது தீர்வு இல்ல. இதே பெட்டியைத்தான் கடைக்குக் கடை தொங்க விட்டிருக்கான். நாளைக்கு வேற தெருவுல வேற அலமாரி. ஒரு தெரு முழுக்க ஒரே வீட்டு வாயை நம்பி நிக்கக்கூடாது. மடங்குற இடத்துல எல்லாம் இன்னொரு வழி வேணும். கம்பத்து மேலயே ஒரு பெட்டி வச்சு அங்கயும் வாங்கித் திருப்பிச் சொல்ல வைக்கலாம்."

"அந்தப் பெட்டியும் அதே கம்பியிலதானே தொங்கும்? பக்கத்து வீட்டுக்காரன் ஒரு அலமாரி வாங்கினா?" ஏன் சார் இளையவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. மொத்தமா ரேடியோவுக்கு மாத்திடலாமா?"

மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் சார்" என்றாள் இளையவள். "அந்தத் தெருவுல பாதி வீட்டு மீட்டர் படிக்கட்டுக்கு அடியில, இரும்புக் கதவுக்குப் பின்னால இருக்கு. காத்து வழி எட்டாது. கம்பிதான் எட்டும். மடங்குற இடத்து மீட்டர்ல மட்டும் ரெண்டையும் வைக்கலாம். கம்பி அடைச்சா ரேடியோவுல தாண்டட்டும், ரேடியோ தடுமாறினா கம்பியில போகட்டும்."

சரியான பதில். மூத்தவளுக்குத்தான் அது சரி என்று எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதே யோசனை அவளுக்குக் கம்பம் கம்பமாக அலைந்த நாட்களிலேயே வந்திருந்தது. அதில் ரேடியோ என்ற சொல் இருந்ததால் மென்று விழுங்கிவிட்டாள். இப்போது இன்னொருத்தி வாயிலிருந்து, அதுவும் இத்தனை அழகாக, எல்லோரும் தலையாட்டும்படி வெளியே வருகிறது.

"லைன் பிரிவு இருக்கட்டும்" என்றார் ஏன் சார். "மடங்குற இடத்துக்கு ரெண்டு வழி. ரெண்டு பிரிவும் சேந்து செய்யுங்க. யாரும் யாருக்கும் கீழ இல்ல." பிறகு யோசித்து, "அறிக்கையில ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்" என்றார்.

"யார் கையெழுத்து முதல்ல சார்?" என்றாள் மூத்தவள்.

அவர் முதல்முறையாக ஏன் என்று கேட்கவில்லை. "நீங்கதானே மூத்தவங்க" என்றார்.

ரேடியோவும் பொருத்திய புது மீட்டர் வீட்டுக்கு வந்தது. மேற்கு அலமாரியின் அடாப்டருக்கு முன்னால் மூத்தவள் தன் கையாலேயே ஒரு சோக்கை வைத்து முடுக்கினாள். செய்தி தெருவில் பரவியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "உங்க வீட்டு விளக்கா எங்க மீட்டரைச் சாப்பிட்டது?" என்று மாமனாரைக் கேட்டார். "ஆமா. எங்க மருமகதான் கண்டுபிடிச்சா" என்றார் அவர், வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு.

"எந்த மருமக?"

"ரெண்டு பேரும்" என்றார். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறுவாரா?

உள்ளே அது மூத்தவள் காதில் விழுந்தது. சோக்கை அவள் இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். அப்பால் வீடுகள் பச்சையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கம்பி வழியாக வந்ததா காற்று வழியாக வந்ததா என்று ஒரு சின்னக் குறி. இளையவள் படியிறங்கி வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"எல்லாம் வந்துடுச்சா அக்கா?"

"வந்துடுச்சு."

இளையவள் குனிந்து திரையைப் பார்த்தாள். "உங்க கம்பி வழியாத்தான் நிறைய வந்திருக்கு. என்னுது ஏதோ ஒண்ணு ரெண்டுதான்."

"தெரியும்" என்றாள் மூத்தவள். "எண்ணிப் பாத்துட்டேன்."

"எனக்கு சந்தோஷம்தான்" என்றாள் இளையவள். அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம் என்பது குரலிலேயே தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. மூத்தவள் தன் நாற்காலியைச் சற்று நகர்த்தி, பக்கத்தில் இன்னொன்று போட்டுக்கொள்ள அவளுக்கு இடம் விட்டாள். இளையவள் உட்கார்ந்தாள். மூத்தவள் திரையைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, மேலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்கினாள்.